யாருக்கு என்றைக்கு லீவு: கொழும்பில் ஒரு வெசாக் வாரம்

திங்கள்

மதுரையில் விமானம் ஏறி, கொடுத்த பன்னைத் தின்று முடிப்பதற்குள் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் வந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு வந்து சேரத்தான் அதிக நேரம் ஆனது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, எங்கள் ஊருக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட காலத்தில், எங்கள் ஆட்களுக்கு மெட்ராஸ்தான் தூரம், கொழும்பு பக்கம். தாத்தாவும் அப்படிப் போனவர்தான். புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி, அறுபதுகளின் கடைசியில் விசா நீட்டிப்பு கிடைக்காமல் ஊர் திரும்பினார். சாகும்வரை டீயைப் பிளேன்டீ என்றே கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஹைவேயில் போகாத பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன். சீதுவை, ஜா-எல, கந்தானை, வத்தளை என்று ஊர்களுக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அந்தோனியார் அல்லது செபஸ்தியார். கொஞ்சம் தள்ளி அதே மாதிரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர். இரண்டு பெட்டியையும் ஒரே ஆசாரி செய்திருப்பார் போல. இந்த வாரம் புத்தர் பிறந்த நாளான வெசாக் பௌர்ணமி என்பதால் புத்தர் பக்கம் மட்டும் கம்பிக்குக் கம்பி ஆறு நிறக் கொடி. மூங்கில் சாரம் கட்டி, பெரிய தோரணங்களில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கியிருப்பது வெள்ளவத்தையில், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவரின் வீட்டில். பூர்வீகம் யாழ்ப்பாணம். இங்கே எல்லோரும் அவரை அன்ரி என்கிறார்கள், நானும் அப்படியே. பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்: "பிள்ளை, நீங்கள் மச்சம், இறைச்சி சாப்பிடுவியளோ? சாப்பிடுறதெண்டால் நாளைக்கோ புதன்கிழமையோ வாங்க வேணும். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் இறைச்சிக் கடை பூட்டு."

அடுக்களைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா விடுமுறை, சிவப்பில். பிரதோஷம், கார்த்திகை, பிறை எல்லாம் அச்சிலேயே இருக்கின்றன. அதற்கு மேல் அன்ரி பென்சிலில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்த மாடி வீட்டில் கீழே சிங்களக் கத்தோலிக்கர், அதற்கு மேல் ஒரு முஸ்லிம் குடும்பம், அப்புறம் அன்ரி, எல்லாருக்கும் மேலே சிங்கள பௌத்தர். பென்சில் எழுத்தெல்லாம் அவர்களைப் பற்றியது. கீழ் வீட்டில் தவக்காலத்தில் எது சாப்பிட மாட்டார்கள். மேல் வீட்டுப் பாட்டி போயா அன்று சில் எடுப்பார், அதாவது பௌத்த விரதம் இருப்பார், மத்தியானத்துக்குப் பிறகு அன்னம் தொட மாட்டார், ஆகவே பலகாரம் கொடுப்பதென்றால் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். நோன்புப் பெருநாள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் நடு வீட்டிலிருந்து வட்டலப்பம் சனிக்கிழமைதான் மேலே ஏறும், ஏனென்றால் அதில் முட்டை இருக்கிறது, அன்ரிக்கு வெள்ளிக்கிழமை சைவம். அது அவர்கள் வீட்டு நாட்காட்டியில் எழுதியிருக்கும் என்றார்.

"மேல் வீட்டிலயும் உங்களைப் பத்தி எழுதி வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "தைப்பொங்கல் தெரியும். தீபாவளி தெரியும். வெள்ளிக்கிழமை தெரியாது. நல்ல சனம், ஆனால் கேக்கிறதில்லை."

நம் ஊரில் கலாச்சாரம் என்ற பேச்சு வந்தாலே பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிதான். ஒரு பிள்ளை பஞ்சாபி, ஒரு பிள்ளை மலையாளி, எல்லோரும் கை கோத்துப் போட்டோ. அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்த பிறகு, இந்த வாரம் முழுக்க எதைக் கவனிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். யார் யாருடைய நாளைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், யார் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லாமல் இருக்கிறார்கள்.

செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார். கொழும்பில் எந்த மதத்துக்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

காலி வீதியில் 101ஆம் நம்பர் பஸ். இங்கே பஸ்ஸில் முன் இருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கியது. அதில் ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்திருந்தார். கொள்ளுப்பிட்டியில் ஒரு புத்த பிக்கு ஏறினார். பக்கத்து இடம் காலிதான், ஆனால் பிக்குவின் பக்கத்தில் பெண் உட்காரக்கூடாது என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சிஸ்டர் ஒன்றும் பேசாமல் எழுந்தார். பின் இருக்கையில் காதில் வயர் மாட்டியிருந்த ஒரு பையன், சிஸ்டர் திரும்புவதற்குள் எழுந்து அவருக்கு இடம் விட்டான். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தவில்லை. பிக்கு சன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்கும். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

எனக்கு இதில் ஒரு கேள்வி மட்டும் நின்றது. எழுந்தது சிஸ்டர். அந்த இருக்கை இரண்டு பேருக்கும் சொந்தம், ஆனாலும் இடம் மாற வேண்டியவர் யார் என்பதில் பஸ்ஸுக்குள் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொச்சிக்கடையில் நல்ல கூட்டம். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே நெற்றி நிறைய விபூதியோடு ஒரு ஐயா, வெள்ளை உடையில் தாமரை மொட்டோடு ஒரு சிங்களக் குடும்பம், கையில் மெழுகுதிரிக் கட்டோடு நிறையப் பேர். அந்தோனியார் கால் பக்கம் வரிசை நகர நகர, ஒவ்வொருவரும் கையை வைத்து எதையோ முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். டச்சுக்காரன் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில் அந்தோனியோ என்ற கொச்சிப் பாதிரியார் வியாபாரி வேடத்தில் ஒளிந்திருந்தார், கடல் ஊரை அரித்துக்கொண்டு வந்தபோது மணலில் சிலுவையை நட்டு ஜெபித்தார், கடல் பின்வாங்கியது. கோயிலின் கதை இது. கடலைத் திருப்பி அனுப்பிய சாமியிடம் தன் வீட்டு வழக்கையும் மகள் கல்யாணத்தையும் ஒப்படைக்க எந்த மதக்காரனுக்கு மனசு வராது?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் குண்டு வெடித்த கோயில்களில் இதுவும் ஒன்று. அன்று நாடு முழுவதும் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயிலில் இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் கலந்து. பெயரை மட்டும் வைத்து எது யார் என்று பிரிக்கவும் முடியாது, பெர்னாந்து இரண்டு பக்கமும் இருக்கிறார்.

அதையே வெளியே மெழுகுதிரிக் கடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். எங்கள் கடற்கரையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த பரதவக் குடும்பம். தூத்துக்குடி என்றதும் பனிமய மாதா தேர் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். "நான் தமிழ் மீடியத்துல படிச்சேன் மகள். தம்பியைச் சிங்கள மீடியத்துல போட்டாங்க. இப்ப அவன் பிள்ளைகள் சிங்களவர், என் பிள்ளைகள் தமிழர். ஒரே தாத்தா." 2001 கணக்கெடுப்பிலிருந்து பரதர் என்று தனிக் கட்டம் போட்டிருக்கிறார்கள், கொழும்புச் செட்டிகளுக்கும் அப்படித்தான். அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று கேட்டேன். "வாற ஆள் எதுல போடுறாரோ அதுல." கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

திரும்பும்போது பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் கொஞ்ச நேரம். 1907இல் தொடங்கிச் சில ஆண்டுகள் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய கோயில். வெளியே வேகிற வெயில், உள்ளே கால் வைத்ததும் குளிர்ச்சி. அங்கேயும் பழத்தட்டோடு இரண்டு சிங்களக் குடும்பங்கள் அர்ச்சனைக்கு நின்றன. ஐயர் அவர்களிடம் சிங்களத்தில் நட்சத்திரம் கேட்டார்.

புதன்

தாத்தாவின் கடை இருந்த தெருவைக் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் புறக்கோட்டையைச் சும்மா சுற்றினேன். நாளைக்கு வெசாக் என்பதால் குறுக்குத் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. கடை வாசலெல்லாம் வெசாக் கூடுகள், அதாவது காகித விளக்குகள், தொங்குகின்றன. எண்கோணம், தாமரை, நட்சத்திரம், மடித்துப் பையில் போடக்கூடிய பிளாஸ்டிக் கூடுவரை. சில் எடுப்பவர்களுக்கான வெள்ளைத் துணி மலைபோலக் குவிந்திருக்கிறது. விற்பவர்களில் பாதிக்கு மேல் தொப்பி போட்ட முஸ்லிம்கள். ஒரு கடையில் பேரம் நடந்தது. பௌத்தப் பெண்மணி ஒருவர் கூட்டின் வால் நீளம் போதாது என்கிறார். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), கூட்டுக்கு வால் எத்தனை, எந்த நிறம் எங்கே வரவேண்டும் என்று சிங்களத்தில் ஒரு பாடமே நடத்துகிறார். பக்கத்தில் அவர் மகன், பத்து வயது இருக்கலாம், மூங்கில் சட்டத்தில் டிஷ்யூத் தாளை ஒட்டிக்கொண்டே அப்பாவைத் திருத்துகிறான்: "வாப்பா, மஞ்சள் ரெண்டாவது."

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசல். தமிழில் சம்மாங்கோட்டுப் பள்ளி என்கிறார்கள். 1908இல் தொடங்கி அடுத்த வருடமே முடித்திருக்கிறார்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளின் காசில். வரைபடம் போட்டவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை, முறையாகக் கட்டடக் கலை படித்தவரில்லை. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, மாதுளம்பழ வடிவத்தில் குமிழ்கள். காயல்பட்டினத்துக்காரர்கள் கொழும்பைப் பற்றி ஏன் அப்படிப் பெருமையடிப்பார்கள் என்று நேரில் பார்த்ததும் புரிந்தது.

தாத்தாவுக்கு இந்தத் தெருக்களில் பிடிக்காத ஒரு காலம் உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. அதற்குப் பதில் போயாதான் வார விடுமுறை. அமாவாசை, பௌர்ணமி, நடுவில் இரண்டு அட்டமி. நிலாவைக் கேட்டுத்தான் கடை பூட்ட வேண்டும். சில சமயம் ஒரு வாரத்துக்கு ஆறு நாள், சில சமயம் எட்டு நாள். கிறிஸ்தவர்கள் ஞாயிறு பூசைக்கு ஆபீசில் லீவு கேட்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு வியாபாரம் உலகத்தோடு ஒட்டாமல் போய்த்தான் பழையபடி மாற்றினார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது, ஒரு நாட்டில் யார் பெரியவர் என்று தெரிய வேண்டுமானால் கொடியைப் பார்க்காதே, லீவு லிஸ்டைப் பார் என்பார். இந்தியாவுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பினேன். ஓட்டியவர் வாழைத்தோட்டம் என்ற பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் நானா. மாநகரத்தில் யார் எவ்வளவு பேர் என்று பேச்சு வந்தது. 2001 கணக்குப்படி கொழும்பு மாநகரத்துக்குள் சிங்களவர் ஏறக்குறைய 41 விழுக்காடுதான். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் பாதிக்கு மேல். "ஆனா தங்கச்சி, பொலிஸ் நிறுத்தினா அந்தக் கணக்கு ஒண்டுக்கும் உதவாது" என்றார். 2019 ஈஸ்டருக்குப் பிறகு சில மாதங்கள், முகப்பில் ஒட்டியிருந்த அரபு எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினாராம். வழக்கமாக வரும் சிங்களப் பயணிகள் இரண்டு பேர் மட்டும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை, மற்றவர்கள் வேறு ஆட்டோ பார்த்துக்கொண்டார்கள். இதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. குரல் மாறியது அடுத்த கதையில்தான். கொரோனா காலத்தில் இறந்த முஸ்லிம்களையும் புதைக்க விடாமல் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது, 2021 பிப்ரவரிவரை. "என் மாமிக்கு அப்பிடித்தான் நடந்தது. எங்கட ஆக்கள் மையத்தை எப்பிடி வெக்கிறதுன்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரியாம செஞ்சா மன்னிக்கலாம்."

ராத்திரி அன்ரியிடம் இதைச் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கிக்கொண்டே 83ஐப் பற்றி, தமிழர்களைத் தாக்கிய 1983 கலவரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், நான் கேட்காமலே.

ஜூலை 24 ராத்திரி பொரளையில் தொடங்கியது, மறுநாள் காலை வெள்ளவத்தைக்கு வந்துவிட்டது. அப்போது அவர் வேறு தெருவில் இருந்தார், கல்யாணம் ஆகி ஒரு வருடம். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இவரையும் கணவரையும் பின் அறையில் வைத்துப் பூட்டி, வாசலில் நின்று இங்கே தமிழர் யாரும் இல்லை என்று சொன்னார்கள். அப்புறம் முகாம், அங்கிருந்து சரக்குக் கப்பலில் காங்கேசன்துறை. இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. இலங்கைத் தமிழர் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கேட்பவர்கள் வழக்கமாக அந்த நல்ல பக்கத்து வீட்டோடு நிறுத்திக்கொள்வோம். அன்ரி நிறுத்தவில்லை.

"எங்களைக் காப்பாத்தினது பக்கத்து வீடு. எங்கட வீட்டைக் காட்டிக் குடுத்ததும் அந்தத் தெருதான் பிள்ளை. வந்தவங்களிட்ட வாக்காளர் லிஸ்ட் இருந்தது, சரி. ஆனால் லிஸ்டில பேர்தானே இருக்கும். எந்த அறையில நகை, எந்த நாள் நாங்கள் கோயிலுக்குப் போறது, இதெல்லாம் லிஸ்டில இல்லை. எங்கட வீட்டுப் பொங்கல் சாப்பிட்ட ஆருக்கோ தெரிஞ்சிருக்கு."

அந்த யார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. 87இல் கொழும்புக்குத் திரும்பி வந்தார், அதே தெருவுக்கு மட்டும் போகவில்லை. காப்பாற்றிய குடும்பத்துக்கு ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு ஆளனுப்பிப் பலகாரம் கொடுக்கிறார்.

திங்கட்கிழமை பார்த்த பென்சில் எழுத்தைப் பற்றி எனக்கு இருந்த சந்தோஷம் இதைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கியது. அடுத்த வீட்டைத் தெரிந்து வைத்திருப்பது பலகாரம் அனுப்பவும் உதவும், ஆள் காட்டவும் உதவும். எதற்கு உதவப் போகிறது என்பது நாள் நன்றாக இருக்கும்போது யாருக்கும் தெரியாது. அன்ரி இதெல்லாம் தெரிந்தும் ஏன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கேட்கவில்லை. முருங்கைக்காய் நறுக்கி முடிந்திருந்தது, நாளைக்கு அரிசி ஊற வைக்கச் சொன்னார்.

வியாழன்

வெசாக். காலையில் அன்ரி இடியாப்பமும் சொதியும் மேல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், எட்டு மணிக்கே. சில் எடுத்த பாட்டி வெள்ளைச் சேலையில் படியிறங்கி வந்து என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம்தான் ஊர் வெளியே வந்தது. சின்னச் சின்னத் தெருவில்கூட ஒரு தன்சல். தன்சல் என்றால் இலவசச் சாப்பாட்டுப் பந்தல், யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். சோறு, கடலை, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், ஐஸ்கிரீம், பெலிமல் பூவைக் கொதிக்க வைத்த பானம். சுகாதாரப் பரிசோதகரிடம் அனுமதி வாங்கித்தான் போட வேண்டுமாம். வண்டிகளை மறித்து, கொடியை ஆட்டிக் கூப்பிடுகிறார்கள். சாப்பிடாமல் போனால்தான் கோபம். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு தன்சலில் பிரியாணி போடுவதாகக் கேள்விப்பட்டு வரிசை நீண்டிருந்தது. கிட்டப் போனால் அது முஸ்லிம் இளைஞர்கள் போடுவது, வெசாக்குக்காகக் காய்கறிப் பிரியாணி. இறைச்சி போடாத பிரியாணியை ஒரு முஸ்லிம் பையன் எவ்வளவு வருத்தத்தோடு பரிமாறுவான் என்பதை அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும். "அடுத்த மாசம் வீட்டுக்கு வாங்க அக்கா, சரியானதைத் தாறோம்" என்றான்.

கங்காராமை விகாரைப் பக்கம் கூட்டம் தள்ளுகிறது. பேரை வாவியில் மிதப்பது மாதிரி இருக்கும் அதன் தியான மண்டபமான சீமா மாலகத்தை எழுபதுகளில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார். அதற்குப் பணம் கொடுத்தவர் எஸ். எச். மூசாஜி என்ற முஸ்லிம் வணிகர், இறந்துபோன மகனின் நினைவாக. புத்தர் சிலைகளுக்கு நடுவே மூலைகளில் சிவன், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பிள்ளையார் சன்னதிகள். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டது நான் மட்டும்தான், மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

இவ்வளவு அழகான ராத்திரிக்கு ஒரு அழகில்லாத பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று போக, கத்தோலிக்கர்களுக்கும் அவர்களுக்கும் அடிதடி. நியாயம் கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் கொதித்தார்கள். அமெரிக்கரான கர்னல் ஆல்காட் அவர்களுக்காக லண்டன்வரை போய் முறையிட்டார். 1885இல் வெசாக்குக்கு அரசு விடுமுறை கிடைத்தது. அதே வெசாக்கில், அதே கொட்டாஞ்சேனையில், தீபதுத்தாராம விகாரையில் ஆறு நிறப் பௌத்தக் கொடியை முதன்முதலாக ஏற்றினார்கள். வழியெல்லாம் நான் பார்த்துக்கொண்டு வந்த கொடி அதுதான். ஆக, லீவு லிஸ்டில் இடம் பிடிக்க அன்றைக்கு பௌத்தர்களும் போராடத்தான் வேண்டியிருந்தது. அப்போது ஆண்டது வேறு ஆள்.

பதினொரு மணிக்குப் பெய்த மழையில் காகிதக் கூடுகள் எல்லாம் கூழாகிவிட்டன. நானா கடையின் பிளாஸ்டிக் கூடுகள் தப்பித்திருக்கும்.

வெள்ளி

நாள் முழுக்க மழை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இன்றும் விடுமுறை, இன்றும் இறைச்சி இல்லை. அன்ரிக்கு எப்படியும் சைவம், எனக்குத்தான் கஷ்டம். நடு வீட்டு ஆண்கள் ஜும்மாவுக்குக் குடை பிடித்துப் போனார்கள். துணி துவைத்தேன், காயவில்லை.

சனி

அன்ரி சனிக்கிழமைகளில் அரசாங்க ஊழியர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறார். ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட வேலை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1987இல்தான் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. 2007லிருந்து, புதிதாக அரசு வேலையில் சேருபவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். பள்ளிக்கூடங்கள் மொழிவாரியாகத் தனித்தனி, முஸ்லிம் பள்ளிகளுக்கு ரமழானை ஒட்டிய தனி லீவுக் கணக்கு. ஆக, ஒரே தெருப் பிள்ளைகள் இருபது வயதுவரை ஒரே வகுப்பில் உட்காராமலே வளர்ந்துவிட முடியும். இருபத்தைந்து வயதில் வந்து அன்ரியின் பெஞ்சில் உட்காருகிறார்கள்.

என்னையும் கூட்டிப் போனார். பதினைந்து பேர்போல இருந்தார்கள். தபால் துறை, பிரதேச செயலகம், ஒரு பொலிஸ்காரர். எல்லோரும் சிங்களவர். பாடம் முதல் அரை மணி நேரம் பாடமாகத்தான் போனது: படிவம் நிரப்புங்கள், கையெழுத்து இங்கே, நாளைக்கு வாருங்கள். அப்புறம் அன்ரி புத்தகத்தை மூடிவிட்டு, என்னைக் காட்டி, இந்தியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது, தமிழில் கேளுங்கள், சிங்களம் பேசினால் வெளியே அனுப்புவேன் என்றார்.

நடிகர்களைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் கேட்டார். மற்ற கேள்விகள் வேறு மாதிரி. தபால் துறைப் பெண்: ஆபீசில் தமிழ்ப் பெண் ஒருவரின் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது, கவரில் எவ்வளவு வைப்பது? எங்கள் வீடுகளிலும் சடங்கு உண்டு, ஆனால் நாங்கள் நகை கொடுப்போம், உங்களுக்குக் காசு சரியா? இன்னொருவர்: தமிழ் வீட்டில் டீயை வேண்டாம் என்று சொல்லலாமா, கூடாதா? பொலிஸ்காரர் ரொம்ப நேரம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: வீட்டுக்குள் விசாரணைக்குப் போகும்போது, சாமி அறை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பூட்ஸோடு நுழைந்துவிட்டதாக ஒரு தடவை பெரிய சண்டையாகிவிட்டதாம்.

எனக்குப் பதில் தெரிந்தது பாதிக்குத்தான். தூத்துக்குடி மொய்க் கணக்கு வெள்ளவத்தைக்குச் சரிவராது. அன்ரி குறுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்னார், ஆளுக்கொரு தீர்ப்பாக. அந்தப் பெண் மலையகமா, யாழ்ப்பாணமா, கிறிஸ்தவரா என்று முதலில் கேட்டார். தபால் பெண் விழித்தார். ஐந்து வருடமாகப் பக்கத்து மேசை.

"முதல் அதைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. பிறகு காசைப் பாப்பம்."

பொலிஸ்காரருக்கு வேறு பதில்: "கேக்கலாம். வாசலில நிண்டு, சாமி அறை எங்கே எண்டு கேக்கலாம். ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்." அவர் நோட்டில் எழுதினார். பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்து எழுத்துப்பிழையைக் காட்ட, அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

வகுப்பு முடிந்ததும் தபால் பெண் எங்கள் கூடவே பஸ் நிறுத்தம்வரை வந்தார். திங்கட்கிழமை எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய குழப்பம். இவ்வளவு நாள் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது கேட்டால் கவருக்காகக் கேட்கிறேன் என்று நினைக்க மாட்டாளா? ஆமாம், அதற்காகத்தானே கேட்கிறீர்கள் என்றார் அன்ரி. அதற்குள் 100ஆம் நம்பர் பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண் படியில் ஏறிக்கொண்டே, மூவாயிரம் வைத்தால் குறைவா என்று தமிழில் சத்தமாகக் கேட்டார். பஸ்ஸுக்குள் முன் இருக்கையிலிருந்து யாரோ ஒரு அம்மா, "கிட்டின சொந்தம் இல்லாட்டி காணும், அது போதும்" என்று பதில் சொன்னார்.